படிப்புன்னு பேர் வாங்கினவன்

என் தம்பிக்கு ரெண்டு பேர். ஒண்ணு பெத்தவங்க வச்சது. அதைச் சொல்லி இப்போ அம்மாவைத் தவிர யாரும் கூப்பிடறதில்ல. இன்னொண்ணு தையல் யூனிட்ல வச்சது, அது படிப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டுட்டு வேலைக்கு வந்த பையனுக்கு ‘படிப்பு’ன்னு பேர் வச்சிருக்கானுங்க பாருங்க, அவனுங்க வாய்க்கு என்ன போடறதுன்னு தெரியல. ஆனா என் தம்பி கோவிச்சுக்கல. “கூப்பிட்டுட்டுப் போறாங்கக்கா, ஏதோ ஒண்ணு சொல்லித்தானே கூப்பிடணும்”னு விட்டுட்டான். அவனுக்குக் கோபமே வராது. வீட்டுக்கு வேண்டிய கோபத்தையெல்லாம் நானே மொத்தமா எடுத்துக்கிட்டேன்னு அப்பா சொல்லுவார்.

பேர் வந்த கதை ஒண்ணும் பெருசில்ல. முதல் நாள் வேலைக்குப் போகும்போது பையில கணக்குப் புத்தகத்தைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான். சாப்பாட்டு நேரத்துல ஒரு மூலையில உக்காந்து விரிச்சிருக்கான். அவ்வளவுதான், தைக்கிறவங்க எல்லாருக்கும் கொண்டாட்டம். “படிப்பு, அந்தக் கட்டைத் தூக்கிட்டு வா.” “படிப்பு, தண்ணி கொண்டு வா.” அவன் மாடி ஏறி வரும்போது, “பாருங்கடா, படிப்பு படி ஏறுது, மண்டையிலதான் ஏறல”ன்னு ஒருத்தன் சொல்ல, மெஷினை நிறுத்திட்டுச் சிரிச்சாங்களாம். அவனும் சேர்ந்து சிரிச்சிருக்கான். வீட்டுக்கு வந்து எங்ககிட்ட அதைச் சொல்லியும் சிரிச்சான். எனக்குத்தான் சிரிப்பு வரல.

அவன் படிப்பை விட்டது எப்படின்னு கேட்டா என்கிட்ட ஒழுங்கான பதில் கிடையாது. அப்பா லோடு வேன் ஓட்டிக்கிட்டிருந்தார். ஒரு வீட்டு மாடியிலருந்து பீரோ இறக்கும்போது கால் வழுக்கி, பீரோவோட சேர்ந்து உருண்டுட்டார். இடுப்பு எலும்பு போச்சு. “பீரோவுக்கு ஒரு கீறல்கூட இல்லடி, அது பெரிய இடத்து சாமான்”னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொன்ன மனுஷன். அம்மா அவரைத் தூக்கி உக்கார வைக்கவும், குளிப்பாட்டவும் வீட்டோட நிக்க வேண்டியதாப் போச்சு. நான் மருந்துக்கடையில நிக்கிறவ. என் ஒருத்தி சம்பளத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் போதாது. தம்பி அப்போ பத்தாவது.

அந்த நேரம் பார்த்து எங்க மாமா வந்தார். அம்மாவோட தம்பி. அதே தையல் யூனிட்ல அயர்ன் பண்றவர். வந்தவர் சும்மா போகக் கூடாதா. “கொஞ்ச நாளைக்கு என்கூட வரட்டும்க்கா. மச்சான் எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் ஸ்கூலுக்குப் போயிட்டாப் போச்சு”ன்னார். அம்மா அப்பாவைப் பார்த்தாங்க. அப்பா சுவத்தைப் பார்த்தார். தம்பி, “சரி மாமா”ன்னான்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. யாருமே ‘படிப்பை நிறுத்து’ன்னு சொல்லல. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்தாமை. அப்படி ஒருத்தர் வாயத் திறந்து சொல்லியிருந்தா நான் வீட்டை ரெண்டு பண்ணியிருப்பேன். சொல்லலையே, யார்கூடப் போய்ச் சண்டை போடறது? பள்ளிக்கூடத்துலருந்து ஒரு தடவை போன் வந்துச்சு. அம்மா, “காய்ச்சலா இருக்கான் டீச்சர்”னு சொன்னாங்க. மறுபடி போன் வரல. பரீட்சை வந்துச்சு, போச்சு. அப்பா கைத்தடி ஊனி நடக்க ஆரம்பிச்சப்போ, தம்பிக்கு யூனிட்ல அடையாள அட்டை கொடுத்துட்டாங்க, கழுத்துல மாட்டிக்கிற கயிறோட.

அவனுக்கு அங்க வேலை பிசிறு வெட்டுறது. தைச்சு முடிச்ச சட்டை குவியல் குவியலா வரும். தையல் முடியற இடத்துல எல்லாம் நூல் நீட்டிக்கிட்டு நிக்கும். காலர், கை, பை, பொத்தான் ஓட்டை, கீழ் மடிப்பு, எல்லா ஓரமும் விரலால தடவிப் பார்த்து, நீட்டிக்கிட்டிருக்கிற நூலைச் சின்னக் கட்டரால வெட்டணும். ஒரு பிசிறு தப்பிச்சாலும் சட்டை திரும்பி வரும், கூடவே திட்டும் வரும். நீளமான மேஜை, ரெண்டு பக்கமும் ஸ்டூல், தலைக்கு நேர் மேல டியூப் லைட். ஒருநாள் அவன் சாப்பாட்டை மறந்துட்டுப் போனான்னு கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தனை பிள்ளைங்களும் தலையை நிமிர்த்தாம உக்காந்திருந்தாங்க. பாதிப் பேருக்கு மீசைகூட சரியா முளைக்கல. பொண்ணுங்களும் இருந்தாங்க. முடி, புருவம், கண் இமை எல்லாம் பஞ்சுத்தூசி. எந்த கிளாஸ்லயும் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த மேஜைக்கெல்லாம் ஒரு சூப்பர்வைசர். அவருக்குப் பேரு அவசரம். எதுக்கெடுத்தாலும் “அவசரம், அவசரம்”னு சொல்லிக்கிட்டே நடப்பாராம், அதனால. அவரும் இதே மேஜையில சின்ன வயசுல உக்காந்தவர்தான். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அவர் தலையில ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான், அவன் தலையில இன்னொருத்தன். கடைசியில எல்லாப் பாரமும் ஸ்டூல்ல உக்காந்திருக்கிற பிள்ளைங்க கழுத்துலதான் வந்து இறங்குது.

இப்படியே ஓடிப்போயிருக்கும். தம்பியும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டான். கேட்க வச்சது ஒரு ஏசி.

அந்த யூனிட்ல காத்து வர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், மேனேஜர் ரூம் கதவு. அது திறக்கிறப்போ சில்லுனு ஒரு வீச்சு வந்து மேஜை ஓரத்துல உக்காந்திருக்கிறவங்க மேல படும். அந்த ஓரத்து ஸ்டூலுக்கு அடிதடியே நடக்குமாம். ஒருநாள் அந்த ஏசி நின்னு போச்சு. சரி பண்ண வந்த மெக்கானிக்குக்கு ஏணி பிடிக்க என் தம்பியைத்தான் அனுப்பினாங்க. அந்த ஆள் மூடியைக் கழட்டி உள்ள காட்டியிருக்கார். இவன் வாயைத் திறந்துக்கிட்டுப் பார்த்திருக்கான். எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டிருக்கான். அவர் ஒரு பயிற்சிக் கூடத்தைச் சொல்லியிருக்கார். சொல்லித் தர்றதோட, கத்துக்கிற காலத்துலயே கையில கொஞ்சம் சம்பளமும் தருவாங்க. ரெண்டே நிபந்தனை. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள சேர்ந்துடணும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டல. “அக்கா, நான் பத்தாவது எழுதட்டுமா?”ன்னான்.

எனக்குத் தலைகால் புரியல. எத்தனை நாள் இதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா. தனித்தேர்வரா எழுதலாம், அதுக்கு வேண்டியதெல்லாம் நான் ஓடி ஓடிப் பண்ணேன். ஒரே ஒரு சிக்கல். ரிசல்ட் வர்ற சமயத்துலதான் அவனுக்குப் பதினெட்டு முடியுது. பாஸ் பண்ணா ஓடிப்போய்ச் சேர்ந்துடலாம். கோட்டை விட்டா, அடுத்த தடவை எழுதி என்ன மார்க் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. ஒரே வாய்ப்பு. இதை அவன்கிட்ட தினமும் சொன்னேன். சொல்லிச் சொல்லியே அவனைப் பாதி கொன்னிருப்பேன்.

அவசரம்கிட்ட போய் தம்பி கேட்டான். “காலையில எழுதிட்டு மத்தியானம் வந்துடு. லீவுன்னு மட்டும் கேட்காத, உனக்குக் கொடுத்தா நாளைக்கு மேஜையே காலி ஆயிடும்”னார். அதுவே பெரிய விஷயம்னு நாங்க சந்தோஷப்பட்டோம். நமக்கெல்லாம் சந்தோஷம் எவ்வளவு மலிவாக் கிடைக்குது பாருங்க.

படிக்க வைக்கிறது என் வேலை. நான் நாள் பூரா கடையில நின்னுட்டு வருவேன், கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும். அவன் நாள் பூரா உக்காந்துட்டு வருவான், கழுத்து நிமிராது. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காருவோம். நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், அவன் தலையாட்டிக்கிட்டே இருப்பான். “புரிஞ்சுதாடா?” தலையாட்டுவான். “என்ன புரிஞ்சுது, சொல்லு.” அதுக்கும் தலையாட்டுவான். குனிஞ்சு பார்த்தா கண்ணு மூடியிருக்கும். நறுக்குனு ஒரு கிள்ளு கிள்ளுவேன். “தூங்கலக்கா, யோசிச்சேன்”பான். “யோசிக்கிறவனுக்கு எச்சில் வடியுமாடா?”ன்னா சிரிப்பான். அப்பா படுக்கையிலருந்து, “விடுடி, அவன் கனவுல படிக்கிறான்”பார்.

ஆனா கணக்கு மட்டும் அவனுக்குக் கிள்ளாமலே வந்துச்சு. சின்ன வயசுலருந்தே கணக்குல அவன் கெட்டி. மத்த பாடத்துக்கெல்லாம் கண்ணு சொருகும், கணக்கை எடுத்தா கொஞ்ச நேரம் முழிச்சிருப்பான். “மத்ததுல எப்படியாவது கரையேறிடறேன், கணக்குல பயமே இல்லக்கா”ன்னான். எனக்கும் பயம் இல்ல. அதான் சொல்றேன், எதுல பயம் இல்லையோ அதுலதான் காலை வாரும்.

பரீட்சை தொடங்கிச்சு. ஒவ்வொண்ணா எழுதினான். எழுதிட்டு அப்படியே யூனிட்டுக்கு ஓடுவான். எப்படிடா எழுதினன்னு போன்ல கேட்டா, “பரவால்லக்கா”ன்னு சொல்லி வச்சுடுவான், பின்னாடி மெஷின் சத்தம் கேட்கும். கடைசிப் பரீட்சை கணக்கு.

அதுக்கு முதல் நாள் யூனிட்ல ஒரு பெரிய குவியல் திரும்பி வந்துடுச்சு. வெளியூருக்குப் போக வேண்டிய சரக்கு, காலர்ல பிசிறு இருக்குன்னு மொத்தமா திருப்பிட்டாங்க. காலையில லாரி கிளம்பியே ஆகணும். அவசரம் எல்லாரையும் உக்கார வச்சுட்டார். தம்பி கேட்டிருக்கான், நாளைக்குப் பரீட்சைண்ணேன்னு. “காலையிலதானேடா பரீட்சை? அதுக்குள்ள முடிஞ்சுடும்”னு சொல்லியிருக்கார். அவர் சொன்னது பொய் இல்ல. முடிஞ்சுது. விடிஞ்சப்போ முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து தலையில தண்ணியை ஊத்திக்கிட்டான். அம்மா தட்டை வச்சாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டான். கண்ணு ரெண்டும் மிளகாய் பட்ட மாதிரி சிவந்திருந்துச்சு. “தூங்கினியாடா?”ன்னேன். “கொஞ்சம்”னான். எங்க, எப்போன்னு நான் கேட்கல. கேட்டா அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கும், நான் நம்ப வேண்டியிருக்கும். கிளம்புற நேரத்துல அது எதுக்கு.

நானும் கடையில அரை நாள் சொல்லிட்டு அவன்கூடப் போனேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசல்ல ஒரு மதில், அது ஓரமா கொஞ்சம் நிழல். அங்க என்னை மாதிரி நாலஞ்சு பேர் நின்னாங்க. ஒரு அம்மா தன்னோட பொண்ணுக்காக வந்திருந்தாங்க, அந்தப் பொண்ணு ஒரு வீட்ல குழந்தை பார்த்துக்கிற வேலைக்குப் போகுதாம். ஒரு அண்ணன் தன் மனைவிக்காக வந்திருந்தார். யாரும் அதிகம் பேசிக்கல. எனக்கு மட்டும் மனசு லேசா இருந்துச்சு. உள்ள கணக்குப் பரீட்சை, உள்ள இருக்கிறது என் தம்பி. இதுக்கு மேல என்ன வேணும்னு நினைச்சுக்கிட்டு மதில்ல சாஞ்சு நின்னேன்.

மணி அடிச்சுது. ஒவ்வொருத்தரா வந்தாங்க. இவன் கடைசியா வந்தான். கன்னத்துல ஒரு கோடு, சட்டைக் கை மடிப்பு பதிஞ்ச மாதிரி. நான் அதைச் சரியா கவனிக்கல. ஏன்னா அவனுக்குப் பின்னாடியே ஹால்ல மேற்பார்வைக்கு நின்ன டீச்சர் வந்தாங்க, கையில விடைத்தாள் கட்டோட. என்னைப் பார்த்து, “உங்க தம்பியாம்மா? நல்ல பிள்ளை. மத்தது எல்லாம் அங்க இங்க பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இவன் எடுத்த பேனாவை வைக்கல, தலையே நிமிரல”ன்னு சொல்லிட்டு ஆபீஸ் பக்கம் போனாங்க.

எனக்குக் காலு தரையில நிக்கல. டீக்கடைக்கு இழுத்துட்டுப் போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். “சொல்லுடா, எல்லாம் எழுதிட்டியா? கடைசிக் கேள்வி என்ன வந்துச்சு?” அவன் பன்னைப் பிச்சு டீயில தோய்ச்சான். அது ஊறி டம்ளருக்குள்ள விழுந்துடுச்சு. விரலை விட்டு எடுக்கப் பார்த்தான். “சொல்லேண்டா”ன்னேன்.

“முதல் கணக்கு மட்டும் போட்டேன்க்கா”ன்னான்.

“என்ன உளர்ற?”

“தூங்கிட்டேன்.”

நான் நம்பல. “டீச்சர் இப்பதானே சொன்னாங்க, பேனாவே நிக்கலன்னு. என் காதுல பூ சுத்தாத.”

அப்போதான் சொன்னான். அவங்க மேஜையில எல்லாரும் அப்படித்தான் தூங்குவாங்களாம். அது யாரும் சொல்லிக் கொடுக்கிறது இல்ல, தானா வரும். சட்டையை மடியில வச்சு, தலையை அது மேல குனிஞ்சுக்கணும். இடது கை தையல் ஓரத்தைப் பிடிச்சு மெதுவா நகர்த்திக்கிட்டே இருக்கும். வலது கையில கட்டர், விரல் மட்டும் அப்பப்போ அசையும். தூரத்துலருந்து பார்க்கிறவங்களுக்குக் கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுப் பிசிறு தேடற மாதிரி இருக்கும். உள்ள ஆள் தூங்கிக்கிட்டிருப்பான். கை நின்னாத்தான் அவசரம் குரல் கொடுப்பார். அதனால தூக்கத்துலயும் கை நிக்காது.

“மணி அடிச்சுதுக்கா. முழிச்சுப் பார்த்தா அந்த முதல் கணக்குக்கு அப்புறம் தாள் பூரா ஒண்ணுமில்ல. ஓரத்துல மார்ஜின் கோடு போட்டிருக்குமில்ல, அது மேல மேலருந்து கீழ வரைக்கும் சின்னச் சின்னதா வெட்டு வெட்டா பேனாக் கோடு. திருப்பினா அடுத்த பக்கமும் அப்படியே. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கேன்.” டம்ளரைப் பார்த்துக்கிட்டே சொன்னான். “பிசிறு வெட்டியிருக்கேன்க்கா.”

நான் எழுந்து நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியல. டீச்சர் ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. “ஏன் டீச்சர், ஒரு பிள்ளை தூங்கறது உங்களுக்குத் தெரியலையா? கிட்ட வந்து ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா?”ன்னு கத்தினேன். அவங்க மிரண்டு போயிட்டாங்க. “எழுதிக்கிட்டுதானேம்மா இருந்தான். நான் ரெண்டு தடவை அந்தப் பக்கம் நடந்தேன். அவனைத் தொந்தரவு பண்ண வேணாம்னு செருப்புச் சத்தம் வராம நடந்தேன்”னாங்க. அவங்க முகத்தைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரி இல்ல. “கொஞ்சம் நேரம் கொடுங்க, அவனுக்கு எல்லாம் தெரியும்”னேன். “கட்டு சீல் வச்சாச்சும்மா”ன்னாங்க. அதுக்கு மேல அவங்கதான் என்ன பண்ணுவாங்க. வாட்ச்மேன் வந்து, “வாங்கம்மா, வெளிய வாங்க”ன்னு கூட்டிட்டு வந்து விட்டார்.

தம்பி வாசல்ல நின்னான். “எதுக்குக்கா அவங்களைத் திட்டுற?”ன்னான். அவன் ரோட்டைப் பார்த்தான். “நேரமாச்சு, நான் யூனிட்டுக்குப் போறேன். வீட்ல இப்போ சொல்ல வேணாம்”னு சொல்லிட்டு வந்த பஸ்ல ஏறிட்டான்.

சொல்லாம இருந்ததுதான் அதைவிடப் பெரிய சித்திரவதை. அம்மா கேட்டாங்க, “கணக்கு எப்படிப்பா?” “எழுதியிருக்கேன்மா.” அவ்வளவுதான். வீட்ல சந்தோஷம் குடி வந்துடுச்சு. அப்பா கைத்தடியை ஊனிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் “என் பையன் ஏசி மெக்கானிக் ஆகப்போறான், உங்க வீட்ல ஏதாவது ரிப்பேர்னா சொல்லுங்க”ன்னார். எங்க தெருவுல யார் வீட்லயும் ஏசி கிடையாது. அது அவருக்குத் தெரியாதா என்ன. அம்மா தம்பிக்குன்னு புதுசா ஒரு பேண்ட் எடுத்துட்டு வந்து, இடுப்பு பிடிக்குதான்னு வச்சுப் பார்த்தாங்க. அவன் கையைத் தூக்கிக்கிட்டு பொம்மை மாதிரி நின்னான். நான் சமையல்கட்டுக்குள்ள போயிட்டேன். பாவி, வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம். அவனும் சொல்லல, நானும் சொல்லல. ஒருவேளை டீச்சர் ஏதாவது இரக்கம் காட்டியிருப்பாங்களோ, திருத்தறவங்க முதல் கணக்கைப் பார்த்துட்டு மார்க் போட்டுடுவாங்களோன்னு புத்தி கெட்டதனமா நானும் நினைச்சேன்.

ரிசல்ட் வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. என் போன்லதான் பார்த்தோம். எல்லாத்துலயும் பாஸ். அவன் எப்படியாவது கரையேறிடறேன்னு சொன்ன பாடத்துலயெல்லாம் நிஜமாவே கரையேறியிருந்தான். கணக்குல மட்டும் ஃபெயில். அம்மாவுக்கு விளங்கவே இல்ல. “கணக்கா? கணக்குலயா? நல்லாப் பாருடி, வேற யாரோடதாவது இருக்கப் போகுது”ன்னு போனை என் கையிலருந்து வாங்கி வாங்கிப் பார்த்தாங்க. அப்பா, “பேப்பர் கஷ்டமா இருந்திருக்கும்”னார். தம்பி, “ஆமாப்பா, கொஞ்சம் கஷ்டம்”னான்.

நேரம் காலம் தெரியாம மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டுட்டு, “சரி விடுங்க. படிச்சவனெல்லாம் என்னத்தைக் கிழிச்சுட்டான். அவசரம் இவனை செக்கிங்ல போடலாம்னு பேசிக்கிட்டிருக்கார்”னார். எனக்கு அடக்கி வச்சிருந்தது எல்லாம் உடைஞ்சுடுச்சு. “கொஞ்ச நாளைக்குன்னுதானே கூட்டிட்டுப் போனீங்க மாமா? இது எந்த ஊர்க் கொஞ்ச நாள்?”ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அயர்ன் பெட்டி பிடிச்சுப் பிடிச்சு அவர் உள்ளங்கை பூரா காய்ச்சுப் போயிருக்கும், அதைத் தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருந்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மாமாவும் ஏழாவதோட நின்னவர்தான். அவரை யார் கூட்டிட்டுப் போனாங்களோ.

நான் வெளிய வந்து மாடிப்படியில உக்காந்தேன். தம்பியும் வந்து ஒரு படி கீழ உக்காந்தான். இன்னும் ரெண்டு நாள்ல அவனுக்குப் பதினெட்டு முடியுது. அவன் முகத்துல அழுகை, ஆத்திரம் ஒண்ணுமே தெரியல. அதுவே எனக்கு எரிச்சலா இருந்துச்சு.

“ஏண்டா, உனக்கு வருத்தமே இல்லையா?”

“இல்லாம இருக்குமாக்கா.”

“அப்புறம் ஏண்டா இப்படி உக்காந்திருக்க? தூக்கம் வந்தா தொடையில கிள்ளிக்க வேண்டியதுதானே. எழுந்து போய்த் தண்ணி குடிக்க வேண்டியதுதானே. ஒரே ஒரு நாள் முழிச்சிருக்க முடியலையா உன்னால?”

“திட்டாம கேளு. அன்னைக்குத் தூங்கினேன் பாரு, அந்த மாதிரி ஒரு தூக்கம் நான் வேலைக்குப் போனதுலருந்து தூங்கினதே இல்லக்கா. தலைக்கு மேல ஃபேன் ஓடிச்சு. ஒரு சத்தம் இல்ல. ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடல. முழிச்சப்போ ஒரு நிமிஷம், நான் எங்க இருக்கேன்னே தெரியல, அவ்வளவு நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் தாளைப் பார்த்தேன்.”

அவன் தலையில கை வச்சேன். முடிக்குள்ள பஞ்சு.

“மறுபடியும் எழுதலாமாக்கா?”ன்னான்.

“எழுதலாம். ஆனா அந்தப் பயிற்சியில இனிமே சேர்த்துக்க மாட்டாங்களேடா.”

“பயிற்சிக்கு இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

என்னைத் திரும்பிப் பார்த்து, தலைக்கு மேல விரலைத் தூக்கி ஃபேன் மாதிரி சுத்திக் காட்டினான். எனக்குப் புரிஞ்சுடுச்சு. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு, என்ன செய்ய. அவனும் சிரிச்சான். ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். உள்ளருந்து அம்மா, “ஃபெயில் ஆயிட்டு அங்க என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.